பிறை ஸ்டூடியோவின் கண்மாய்

சிம்மக்கல்லில் மண்டிக்கடைகளுக்கு நடுவே, லாரி வந்து நின்றால் வாசலே தெரியாத ஒரு கட்டடத்தில் பிறை ஸ்டூடியோ இருந்தது. முன்னால் போட்டோக் கடை, பின்னால் குடித்தனம், நடுவே ஒரு பச்சைத் திரை. திரைக்கு முன்னால் அப்துல் அலீம், பின்னால் அவர் மனைவி ஜெயினம்பு. போட்டோ எடுக்க வருகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் தொங்கும் பெரிய துணிப்படத்துக்கு அந்தத் தொழிலில் 'சீன்' என்று பெயர். மாளிகைப் படிக்கட்டு, வளைவுத் தூண், ரோஜாத் தோட்டம் என்று பிறை ஸ்டூடியோவின் சீன்கள் மதுரையில் கொஞ்சம் பேர் வாங்கியவை. யார் வரைந்தது என்று கேட்டால், "மெட்ராஸ்லருந்து ஒரு ஆர்ட்டிஸ்ட் வந்து போட்டுக் குடுத்தாரு" என்பார் அலீம். மெட்ராஸ் ஆர்ட்டிஸ்ட் அந்த நேரத்தில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து மீன் அலசிக்கொண்டிருப்பாள்.

கல்யாணமாகி வந்த புதிதில் பழைய சீன் ஒன்றை எலி கடித்துவிட்டது. வரைகிற ஆள் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று நாள் கடத்தினான். பொறுத்துப் பார்த்த ஜெயினம்பு ஓட்டையில் ஒட்டுத்துணி வைத்து, விளக்குக் கரியைக் குழைத்துத் தானே ஒரு பூந்தொட்டியைப் போட்டு மறைத்தாள். வந்தவர்கள் மாளிகையை விட்டுவிட்டுப் பூந்தொட்டியைப் பாராட்டினார்கள். அப்படி ஆரம்பித்தது. வீட்டுப் பெண் தூரிகையைப் பிடிக்கிறாள் என்று தெரிந்தால் ஜமாத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதற்காகத்தான் அந்த மெட்ராஸ்காரர்.

கருப்பு வெள்ளைப் படம்தானே, சீனுக்கும் வர்ணம் கிடையாது. ஜிங்க் வெள்ளை, விளக்குக் கரி, இரண்டையும் பிடித்து வைக்க வஜ்ரப் பசை. இந்தச் சாம்பல் நிறத்திலேயே அவள் ரோஜாவுக்குச் சிவப்பு வந்த மாதிரி வரைவாள். ஆனால் ஒன்றை மட்டும் வரைந்ததே இல்லை. ஊரில் எல்லா ஸ்டூடியோவிலும் அன்னம் மிதக்கும் ஏரி சீன் இருந்தது, இங்கே இல்லை. "ஏரி இல்லையா பாய்?" என்று யாராவது கேட்டால், "ஏரி போட்டா சுவர் ஓதம் அடிக்குதுங்க" என்று சிரித்து மழுப்பிவிடுவார் அலீம். மனைவியிடம் அவர் இதைப் பற்றிப் பேசியதில்லை. தண்ணீரில் போனது அவருக்கும் பிள்ளைதானே.

1977ஆம் வருஷம் பக்ரீத்துக்கு ஜெயினம்பு மகன் சிக்கந்தரோடு தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். திருநகரைத் தாண்டி மேற்கே உள்ளே போனால் பெருமடைப்பட்டி. நாலைந்து ராவுத்தர் வீடுகள், மற்றதெல்லாம் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீடுகள், ஊரை ஒட்டிக் கண்மாய். அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்து, கண்மாய் கரையை முட்டிக்கொண்டு நின்றது. சிக்கந்தருக்கு ஏழு வயது. குழாய்த் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரை அறியாத டவுன் பிள்ளை. அவ்வளவு தண்ணீரைக் கண்டதும் அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கண்மாய்க்குள், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, இரண்டு கல்தூண்கள் நிற்கும். அதுதான் மடை. தூணுக்கு அடியில், தண்ணீருக்குள், ஒரு துவாரமும் அதை அடைத்த ஒரு கட்டையும் உண்டு. முங்கிப்போய்க் கட்டையைப் பிடுங்கினால் கண்மாய்த் தண்ணீர் கரைக்கு அடியில் பாய்ந்து வயலுக்குப் போகும். முங்குவது முத்திருளன் குடும்பத்து வேலை. அவருடைய அப்பா செய்தார், பிறகு அவர் செய்தார். பிடுங்கும் நேரத்தில் தூணுக்குப் பக்கத்தில் யார் இருந்தாலும் தண்ணீர் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் முதலில் குரல் கொடுக்க வேண்டும், குளிக்கிறவர்களும் மாடு கழுவுகிறவர்களும் கரையேறிய பிறகுதான் முங்க வேண்டும்.

அன்றைக்கு முத்திருளன் குரல் கொடுத்தார் என்று ஊர் சொன்னது. கொடுக்கவில்லை என்றாள் ஜெயினம்பு. அவள் அந்தப் பக்கத்துப் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், அவள் காதில் எதுவும் விழவில்லை. மடை இழுத்துக்கொண்ட பிள்ளையை வெளியே எடுத்துக்கொண்டு வந்தவரும் முத்திருளன்தான். இரண்டு கையாலும் ஏந்தி வந்து கரையில் கிடத்திவிட்டு, அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

ஜெயினம்பு குனிந்து ஒரு கை மண்ணை வாரினாள்.

"கூப்பிட்டிருந்தா எம்புள்ள வந்திருப்பான். கூப்பிடாம தெறந்தியேடா பாவி. எம்புள்ளயத் தின்ன தண்ணி இனிமே இங்க நிக்கக் கூடாது. ஒரு சொட்டு நிக்கக் கூடாது. நீ வாய்க்குத் தண்ணியில்லாம ஊரைவிட்டு ஓடணும்."

மண்ணைக் கண்மாயின் மேலும் அவர் தலைமேலும் தூற்றினாள். வயிறு எரிந்தவள் மண்ணை வாரித் தூற்றினால் பலிக்கும் என்பது எல்லாச் சாதிக்கும் எல்லா மதத்துக்கும் பொதுவான பயம். அவளுடைய அம்மாவே ஓடி வந்து வாயைப் பொத்தினாள். என்ன பிரயோசனம்? சொல் வெளியே போய்விட்டது.

அதற்கு மறுவருஷம் கண்மாய் முக்கால்வாசி நிறைந்தது. அடுத்த வருஷம் பாதி. எண்பதில் சேறு கட்டியதோடு சரி. எண்பத்தொன்றிலும் எண்பத்திரண்டிலும் அதுவும் இல்லை, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கருவேலஞ்செடி உள்ளே புகுந்தது. கொக்குகள் வழக்கம்போல வந்து, வெடிப்புகளுக்கு மேல் சுற்றிவிட்டு, இறங்காமலே போயின. ஒரு பாதியை யாரோ அளந்து எண் போட்ட கல் நட்டு மனை விற்கத் தொடங்கினார்கள்.

போட்டோ எடுக்க வரும் பெருமடைப்பட்டிக்காரர்கள் இதையெல்லாம் அலீமிடம் சொல்வார்கள். திரைக்குப் பின்னால் ஜெயினம்பு கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் அலீம் பொறுக்காமல் சொன்னார்.

"கண்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துக்கால்ல வீடு கட்டிப்புட்டானுக. சூளைக்குன்னு மண்ண வண்டி வண்டியா அள்ளிட்டுப் போறானுக. ஜில்லா பூரா மழை இல்ல, வைகையில மணல்தான் ஓடுது. நீ ஒரு கை மண்ண எறிஞ்சதுலயா இம்புட்டும் நடந்துச்சு?"

"அதெல்லாம் சரிதாங்க. ஆனா நிக்கக் கூடாதுன்னு சொன்னது நாந்தானே."

சிம்மக்கல்லிலும் தெருக்குழாய் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை ஊதியது. குடத்து வரிசையில் நிற்கும் பெண்கள், "எந்தப் பாவியோட வயித்தெரிச்சலோ, ஊரே நாசமாப் போகுது" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். ஜெயினம்பு தன் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய்விடுவாள். பாதி நாள் வெறுங்குடத்தோடு திரும்புவாள். அந்தக் குடத்தைக் கவிழ்த்து வைத்த பிறகும் அதற்குள் தண்ணீர் தளும்பும் சத்தம் அவளுக்குக் கேட்கும். நிமிர்த்திப் பார்த்தால் காய்ந்திருக்கும். சாப்பிடும்போதும் தொழும்போதும் அந்தச் சத்தம் அவளை விடவில்லை. பிள்ளை போன துக்கம் ஒரு பக்கம் இருக்க, ஊரையே காயப்போட்டுவிட்டோம் என்ற பயம் அவளை உள்ளுக்குள் அரித்துத் தின்றது.

எண்பத்து மூன்று சித்திரையில் ஒரு மத்தியானம் முத்திருளன் ஸ்டூடியோவுக்கு வந்தார். கூட அவர் மனைவி ஒச்சாயி. குரலைக் கேட்டதுமே திரைக்குப் பின்னால் ஜெயினம்பு கையிலிருந்த பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"பாய், ஊரைவிட்டுப் போறோம். கேரளாவுல சூளை வேலை. திரும்பி வருவமோ என்னமோ. போறதுக்கு முந்திக் குடும்பத்தோட ஒரு போட்டோ எடுத்துக்கிரணும்."

"எடுத்துருவோம்ணே. எந்த சீன் வேணும், பாருங்க."

முத்திருளன் மாளிகையைப் பார்த்தார், ரோஜாத் தோட்டத்தைப் பார்த்தார்.

"தண்ணி இருக்கிற மாதிரி ஒண்ணும் இல்லையா?"

"இல்லண்ணே. ரெண்டு கடை தள்ளி ஏரி சீன் வச்சிருக்கான். அங்க வேணா..."

"இல்ல பாய். இங்கதான் எடுக்கணும்."

ஒச்சாயி புருஷனைப் போல் சுற்றி வளைக்கிறவள் இல்லை. திரையைப் பார்த்தே பேசினாள்.

"உள்ளதான் இருக்கேன்னு தெரியும் தாயி. நீ தூத்துன மண்ணு இன்னும் எங்க தலையிலதான் இருக்கு. உன்னைய வைய வரல. புள்ளயப் பறிகுடுத்தவ, நீ பேசுனது ஞாயம். ஆனா ஓடணும்னு சொன்ன, இந்தா ஓடுறோம். இதோட உன் வயிறு குளிரட்டும்."

"அடியே, சும்மா இரு" என்றார் முத்திருளன்.

அலீம் உள்ளே போனார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போன வேகத்தில் வெளியே வந்து, "அடுத்த வெள்ளிக்கெழம வாங்கண்ணே. தண்ணி சீன் ரெடியாயிரும்" என்றார். சொன்ன அவருக்கே அதை நம்ப முடியவில்லை.

புதுத் துணியைச் சுவரில் ஆணியடித்து, மத்தியானத்தில் கடை சாத்தியிருக்கும் நேரம் பார்த்து ஜெயினம்பு வேலையைத் தொடங்கினாள். கரை வந்தது, பனைகள் வந்தன, படித்துறை வந்தது. இரண்டு தூண்களும்கூட வந்தன. தூண்களுக்கு நடுவே தூரிகையை வைக்கும்போதுதான் கை நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு சாம்பல் நிறத்தை இழுத்தாள். தண்ணீர் ஏறியது. கரைவரை ஏற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

காலையில் வந்து பார்த்தால் கண்மாய் வற்றிக் கிடந்தது.

நேற்று கருகருவென்று நின்ற தண்ணீர் வெளுத்து, காய்ந்த களிமண் மாதிரி ஆகியிருந்தது. அடுத்த நாளும் நிரப்பினாள். அடுத்த காலையிலும் வற்றியிருந்தது. வஜ்ரப் பசைக் கலவை ஈரத்தில் கருப்பாகத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். பதினைந்து வருஷமாக இந்தக் கலவையைக் குழைக்கிறவளுக்கு இது தெரியாதா? இரண்டு பங்கு கரி கூடப் போட வேண்டும், அவ்வளவுதான். மாளிகைக்கும் ரோஜாவுக்கும் கணக்காய்ப் போடத் தெரிந்த கை இதற்கு மட்டும் தப்பியது. தான் சொன்ன சொல் துணியில்கூடத் தண்ணீரை நிற்கவிடவில்லை என்றே அவள் நம்பினாள். சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் அலீமும் வந்து உட்கார்ந்தார்.

"தண்ணிய நெருங்கும்போதெல்லாம் நீ கரியக் கொறச்சுப் போடுற" என்றார். "நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"கருப்பாப் போட்டா அடியில அவன் தெரியுறாங்க."

அலீம் கரிக் கிண்ணத்தை எடுத்து அவள் பக்கம் வைத்தார். பிறகு, "தெரிஞ்சா தெரியட்டும். நம்ம புள்ளதானே" என்றார்.

அன்றைக்கு அவள் கரியை அள்ளிப் போட்டாள். அடியில் முகம் தெரிந்தது. நெற்றியும், அந்த ஈர முடியும். அழிக்கவில்லை. அதன் மேலேயே ஒரு அலை, அதன் மேல் இன்னொரு அலை என்று, தலைக்குத் துணி போர்த்திவிடுவதுபோல் மெதுவாகப் போட்டுக்கொண்டே வந்தாள். மறுநாள் காலையில் கண்மாய் நிறைந்திருந்தது. வெளியே தெருவில் தண்ணி லாரிக்குக் குடத்தோடு அடிதடி நடந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை முத்திருளன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தார். சீனை அவிழ்த்துவிட்டதும் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கடைக்குட்டிப் பயல் சீனைத் தொடப் போனான்.

"டேய், உள்ள போகாதே" என்று சட்டென்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள் ஒச்சாயி. இழுத்த பிறகுதான் அது துணி என்று அவளுக்கு நினைவு வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அலீம் கருப்புத் துணிக்குள் தலையை விட்டு, காமிராவைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்து பார்த்தால், குடும்பமே சீனைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

"அண்ணே, இந்தப் பக்கம் திரும்புங்க."

"அது முடியாது பாய். கண்மா நெறஞ்சு கெடக்கையில மடைக்காரன் அதுக்கு முதுகு காட்டக் கூடாது. எங்கப்பனும் காட்டுனதில்ல."

"போட்டோன்னா மூஞ்சி தெரியணும்லண்ணே. பெறகு பாக்கிறவன் யாருன்னு கண்டுபிடிப்பான்?"

"நாங்க யாருன்னு எங்களுக்குத் தெரியும்ல. தண்ணி தெரிஞ்சாப் போதும்."

அலீம் தம் சர்வீஸில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் படம் எடுத்திருக்கிறார். குடும்பம் முழுவதும் முதுகைக் காட்டி நின்ற படத்தை அன்றுதான் எடுத்தார். ஐந்து முதுகுகள், அவற்றுக்கு அப்பால் கரை கொள்ளாத தண்ணீர். கிளம்பும்போது முத்திருளன் திரையின் பக்கம் வந்து நின்றார்.

"வாரோம் தங்கச்சி."

ஜெயினம்பு உள்ளே வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு நின்றிருந்தாள். "போய்ட்டு வாங்கண்ணே" என்று இரண்டு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் தலையில் இருந்த மண் இறங்கியிருக்கும். வாய் வரவில்லை. சீனில் தண்ணீரை ஏற்ற முடிந்தவளுக்கு, அவர் அன்றைக்குக் குரல் கொடுத்தாரா இல்லையா என்ற கேள்வியை மட்டும் விழுங்க முடியவில்லை.

அந்தக் கோடையில் ஊரைவிட்டுப் போகிறவர்கள் பலர் பிறை ஸ்டூடியோவைத் தேடி வந்தார்கள். திருப்பூருக்கு, பம்பாய்க்கு, கேரளாவுக்கு என்று மூட்டையோடு வந்து, "அந்தக் கண்மாய் சீனப் போடுங்க பாய்" என்றார்கள். செக்கானூரணிக்காரர் அதைத் தன் ஊர்க் கண்மாய் என்றார். கள்ளிக்குடிக்காரர் தன்னுடையது என்று சத்தியம் செய்தார். நிழலில் உட்காருவதுபோல் சிலர் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு கிழவர் படம் எடுத்த பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தார். ஜெயினம்பு உள்ளிருந்து காபி கொடுத்தனுப்பினாள். தான் விரட்டியவர்கள் தன் வீட்டுக்கே வந்து ஒதுங்குகிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. அது ஆறுதலா தண்டனையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அந்த வருஷக் கடைசியில் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்து, பிறகு விடாமல் பெய்தது. மார்கழியில் பெருமடைப்பட்டி நல்லகாமன், ரேஷன் கார்டு விஷயமாக டவுனுக்கு வந்தவன், ஸ்டூடியோவில் தலை துவட்டிக்கொண்டே சொன்னான்.

"கண்மா பெருகிருச்சு பாய். வரத்துக்கால்ல நின்ன சுவரையெல்லாம் தண்ணியே தள்ளிட்டு வந்துருச்சு. மனைக்கு நட்ட கல்லு அம்புட்டும் உள்ள. மடையத் தெறக்க முத்திருளண்ணனுக்குச் சொல்லிவிட்டுருக்கு. ஞாயித்துக்கெழம வாராரு."

திரை விலகியது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஆள் இருக்கும்போது ஜெயினம்பு கடைக்குள் வந்தாள்.

"ஏங்க, ஞாயித்துக்கெழம நாமளும் போவோம்" என்றாள்.

பஸ்ஸை விட்டிறங்கிக் கரையேறும்போதே கூட்டத்தில் பேச்சு அடங்கியது. மண்ணைத் தூற்றினவள் வந்திருக்கிறாள். பெண்கள் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். ஜெயினம்பு யாரையும் பார்க்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் எங்கே குனிந்தாளோ அங்கே போய் நின்றாள். இரண்டு தூண்களின் தலை மட்டும் வெளியே தெரிந்தது.

முத்திருளன் கேரளத்தில் கருத்து மெலிந்து போயிருந்தார். கோவணத்தோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். அவள் வந்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை. வாயைக் குவித்துக் குரல் கொடுத்தார்.

"மடை தெறக்கப் போறேன்... எல்லாரும் வெளிய வாங்க..."

குளித்துக்கொண்டிருந்த பயல்கள் அடித்துப் பிடித்துக் கரையேறினார்கள். கண்மாயில் ஒருவரும் இல்லை. முத்திருளன் அப்போதும் முங்கவில்லை. இன்னும் இரண்டடி உள்ளே போய், தூண்களைப் பார்த்து மறுபடியும் கூப்பிட்டார்.

"சிக்கந்தரு... வெளிய வா சாமி... மாமா தெறக்கப் போறேன்..."

ஜெயினம்பு அலீமின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற நல்லகாமன் தரையைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னான்.

"அந்த வருசத்துலருந்து எப்பத் தெறந்தாலும் இப்பிடித்தான்க்கா. எல்லாரும் ஏறுன பெறகு அவனத் தனியாக் கூப்பிடுவாரு. கூப்பிட்டுட்டு அப்பிடியே நிப்பாரு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

முத்திருளன் தண்ணீரில் அசையாமல் நின்றார். காதைக் கொடுத்துக் கேட்கிறவராக நின்றார். காற்று அடித்தது, அலை படித்துறையில் மோதியது. அவள் அழுத அழுகையை இந்த மனிதரும் ஒரு பக்கம் அழுதுகொண்டிருந்திருக்கிறார். அது இத்தனை வருஷம் அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

அவள் படித்துறையில் இறங்கினாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது.

"வந்துட்டான்ணே" என்றாள். கரை முழுவதும் கேட்டது. "எங்கிட்டதான் நிக்கிறான். நீங்க மடையத் தெறங்க."

முத்திருளனின் தோள் குலுங்கியது. முகத்தைத் தண்ணீரால் கழுவிக்கொண்டார். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்து முங்கினார்.